இல்லாத பாக்ஸருக்கு எழுநூறு பேர் அஞ்சலி செலுத்திய கதை

"டேய், பேப்பர்ல செத்தவனுக்கெல்லாமாடா அழுவாங்க?"

ராத்திரி ஒண்ணரை மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்து வந்த என் ரூம்மேட் கேட்ட கேள்வி இது. நான் ஹால்ல உட்கார்ந்து ஒரு தடிப் புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தேன். "ஜலதோஷம்டா"ன்னு சமாளிச்சேன். மதுரைக்காரன், நம்புவானா? புத்தகத்தை எட்டிப் பார்த்தான். முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படம். "பொம்மப் புத்தகத்துக்கா இம்புட்டு? கெட்டுச்சு போ"ன்னுட்டுப் போய்ப் படுத்துட்டான். அஞ்சு நிமிஷத்துல குறட்டை.

அவன் தூங்கிட்டான், எனக்குத்தான் தூக்கம் போச்சு. கேள்வி நியாயமானதுதானே? பிறக்கவே பிறக்காத ஒருத்தன் செத்ததுக்கு, மாசம் பொறந்தா வாடகை கட்டுற, கோட் எழுதிப் பொழைக்கிற ஒரு ஆள் எதுக்கு அழணும்? அதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோட உட்காருங்க.

முதல்ல ஒரு விஷயம். நான் சொல்லப்போறது மாங்கா. ஜப்பான்காரங்க படக்கதைக்கு வச்சிருக்குற பேரு அது. உப்பு மிளகாத்தூள் ஞாபகம் வந்து நாக்குல எச்சில் ஊறினா கம்பெனி பொறுப்பில்லை :-)

*

1970, மார்ச் 24. டோக்கியோவில் கோதான்ஷா என்ற பெரிய பதிப்பகத்தோட கட்டடம். அங்கே இருந்த மண்டபத்துல ஒரு குத்துச்சண்டை மேடை போட்டிருந்தாங்க. ஒரு பாக்ஸரோட படம். புத்த பிக்குகள் மந்திரம் ஓதுறாங்க. குத்துச்சண்டையில ஒருத்தன் இறந்துட்டா அவன் நினைவா மணியைப் பத்து முறை அடிக்கிறது வழக்கம். அதையும் அடிச்சாங்க. பள்ளிக்கூடப் பசங்க, கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போறவங்கன்னு ஏறக்குறைய எழுநூறு பேர் வந்து அஞ்சலி செலுத்திட்டுப் போனாங்க.

இறந்தவன் பேரு ரிகீஷி தோரு. 'ஷோனென் மேகஸின்' வாரப் பத்திரிகையில வந்துக்கிட்டிருந்த 'அஷிதா நோ ஜோ' (நாளைய ஜோ) என்ற மாங்காவுல ஒரு பாத்திரம். கதாநாயகன் கூட இல்லீங்க. கதாநாயகனோட எதிராளி!

இந்தச் சடங்குக்கு முன்கை எடுத்தவர் தெராயாமா ஷுஜி. சாதாரண ஆள் இல்லை. கவிஞர், நாடகக்காரர், பாக்ஸிங் பைத்தியம். நடத்திக் கொடுத்தது அவரோட நாடகக் குழு. 'நாளைய ஜோ' கார்ட்டூன் தொடரா டிவியில வர இன்னும் ஒரு வாரம்தான் இருந்துச்சு, அதோட தலைப்புப் பாட்டை எழுதினவரும் அவரேதான். "ஓஹோ, அப்ப இது விளம்பரம்தானே"ன்னு நீங்க கேட்கலாம். கொஞ்சம் விளம்பரமும்தான். ஆனா விளம்பரம் கூட்டத்தைக் கூட்டும், மந்திரம் ஓதுறப்ப தலை குனிஞ்சு நிக்க வைக்காது. அதுக்கு வேற ஏதோ வேணும். அது என்னன்னு பார்க்க ரெண்டு வருஷம் பின்னாடி போகணும்.

*

'நாளைய ஜோ' 1968 ஜனவரியில ஆரம்பிச்சது. கதை எழுதினது கஜிவாரா இக்கி. அதே பத்திரிகையில அவர் எழுதின பேஸ்பால் கதை ஒண்ணு அப்பவே சக்கைப்போடு போட்டுக்கிட்டிருந்ததால, இதுக்கு மட்டும் தகாமோரி அசாவோன்னு வேற பேரு வச்சுக்கிட்டார். வரைஞ்சது சிபா தெட்சுயா.

கதை சிம்பிள். யாபுகி ஜோன்னு ஒரு அனாதைப் பையன். டோக்கியோவோட கூலித் தொழிலாளர் பேட்டைக்குள்ள சீட்டியடிச்சுக்கிட்டு வந்து சேர்றான். அங்க தாங்கே தான்பெய்னு ஒரு முன்னாள் பாக்ஸர், ஒத்தைக் கண்ணு, முழு நேரக் குடிகாரர். ஜோ சண்டை போடுற விதத்தைப் பார்த்ததும் அவருக்குக் குடி இறங்கிடுது. இவனை பாக்ஸராக்கியே தீருவேன்னு பின்னாடியே அலையுறார். ஜோவோ அவரை ஏமாத்திக் காசு பறிக்கிறான், ஊரையும் ஏமாத்தி மாட்டிக்கிட்டுச் சிறார் சிறைக்குப் போறான். அங்க அவனுக்கு ஒரு போஸ்ட் கார்டு வருது. நாளைக்காக, பாடம் ஒண்ணு. அப்படின்னு தலைப்புப் போட்டு, இடது கையால எப்படிக் குத்தணும்னு தான்பெய் எழுதியிருக்கார். ஜோவுக்கு யாரும் அதுவரைக்கும் 'நாளை'ன்னு ஒண்ணு இருக்குறதாவே சொன்னதில்லை. கார்டைத் தூக்கிப் போட்டுடறான். அப்புறம் பொழுது போகாம அதுல இருக்குற மாதிரி குத்திப் பார்க்குறான். கதையோட பேருக்கு அர்த்தம் எனக்கு அங்கதான் பிடிபட்டுச்சு.

அந்தப் பேட்டை கற்பனை இல்லை. சான்யான்னு பேரு. போன வருஷம் ஆன்சைட்ல டோக்கியோவில மூணு மாசம் இருந்தப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை தேடிப் போனேன். மினாமி-சென்ஜு ஸ்டேஷன்ல இறங்கித் தெற்கே நடந்தா ஒரு நாலு முக்கு ரோடு. பேரு நமிதாபாஷி. அதாவது 'கண்ணீர்ப் பாலம்'. எதோ காலத்துல மரண தண்டனை பெற்றவங்களைக் கோசுகப்பாரா கொலைக்களத்துக்குக் கூட்டிட்டுப் போற வழியில, இந்தப் பாலத்துல வச்சுத்தான் சொந்தக்காரங்க கடைசியாப் பார்த்து அழுவாங்களாம். கதையில தான்பெய் தன்னோட ஓட்டை உடைசல் பாக்ஸிங் கூடத்தை வைக்கிறது இந்தப் பாலத்துக்கு அடியிலதான். வாழ்க்கையில தோத்தவங்க அழுதுக்கிட்டே கடந்து வந்த பாலத்தை நாம திரும்ப அந்தப் பக்கமாக் கடந்து போவோம்னு ஜோகிட்ட சொல்வார்.

நான் போய் நின்னா, பாலமே இல்லை! சிக்னல், பஸ் ஸ்டாப், பெயர்ப் பலகை, அவ்வளவுதான். ஓடையை மூடி ரோடு போட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. பாலம் மட்டுமில்லை, சான்யாங்குற பேரையே 1966-ல் முகவரியிலேர்ந்து எடுத்துட்டாங்க. 1964 ஒலிம்பிக்ஸுக்காக டோக்கியோ முழுக்க ரோடும் கட்டடமும் போட்ட கூலிக்காரங்கள்ல எத்தனையோ பேர் படுத்துத் தூங்கின இடம் அது. வேலை முடிஞ்சது, ஊரு பளபளன்னு ஆச்சு, அவங்க இருந்த இடத்தோட பேரு மட்டும் மேப்புல இல்லை. ரெண்டு வருஷம் கழிச்சு, அந்தப் பேரில்லாத இடத்துலேர்ந்து ஒரு பையன் வந்து, லட்சக்கணக்குல விக்கிற பத்திரிகையோட நடுப்பக்கத்துல நின்னு மூக்கு உடைய உடைய எழுந்திருக்கிறான். அதை யார் வாசிச்சிருப்பாங்கன்னு யோசிங்க.

*

யார் வாசிச்சாங்கன்னா, இதுல ஒரு கணக்கு இருக்கு. 'ஷோனென் மேகஸின்' 1959-ல் சின்னப் பசங்களுக்காகத் தொடங்கின பத்திரிகை. அப்ப பத்து வயசுல வாங்க ஆரம்பிச்சவனுக்கு 1969-ல் இருபது. அவன் கல்லூரிக்குப் போயிட்டான், ஆனா பத்திரிகையை விடலை. ஒரு கையில அரசியல் வாரப் பத்திரிகை, இன்னொரு கையில 'ஷோனென் மேகஸின்'னு அந்தக் கால மாணவர்களைப் பத்திச் சொல்வாங்க. 1967 தொடக்கத்துலயே பத்து லட்சம் பிரதி போயிருந்தது.

அந்த மாணவர்கள் சும்மா இருக்கலை. 1968, 69-ல் ஜப்பான் பல்கலைக்கழகங்கள் பத்தி எரிஞ்சது. 1969 ஜனவரி 18, 19 தேதிகள்ல டோக்கியோ பல்கலைக்கழகத்தோட யாசுதா மண்டபத்துக்குள்ள உட்கார்ந்திருந்த மாணவர்களைப் போலீஸ் தண்ணி பீய்ச்சி, கண்ணீர்ப் புகை அடிச்சு வெளியேத்துச்சு. இன்னொரு பக்கம், நடுநிலைப் பள்ளி முடிச்ச கையோட வடக்கு மாகாணக் கிராமங்கள்லேர்ந்து கூட்டம் கூட்டமா ரயில்ல ஏறி உவேனோ ஸ்டேஷன்ல வந்து இறங்கி, பட்டறைகள்லயும் கடைகள்லயும் வேலைக்குச் சேர்ந்த பசங்க. ரெண்டு கூட்டமும் ஒருத்தரையொருத்தர் சந்திச்சிருக்க வாய்ப்பே கம்மி. ஆனா வாராவாரம் ஒரே பக்கத்தைப் புரட்டினாங்க.

வாராவாரம்ங்குற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கோங்க. நாம இப்ப ஒரு சீரிஸை சனிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடிச்சுடறோம். அவங்களுக்கு ரிகீஷிங்குறவன் ரெண்டு வருஷம் கூடவே இருந்தவன். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம். மிச்ச ஆறு நாள் அவன் அடுத்து என்ன செய்வான்னு யோசனை. பக்கத்து வீட்டுக்காரனைக்கூட நாம வாரம் ஒரு தடவை இவ்வளவு கவனமாப் பார்க்குறதில்லை. கதாபாத்திரம் நம்ம மனசுல உட்கார்றது நாம வாசிக்கிற நேரத்துல இல்லை, வாசிக்காத அந்த ஆறு நாள்லதான்னு எனக்குத் தோணுது.

*

சரி, ரிகீஷி எப்படிச் செத்தான்? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விபத்து இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, ஒரு பக் (bug இல்லீங்க, பிழை!) பெரிய ஃபீச்சரா மாறின கதை.

சிறையில ஜோ பன்னிக் கூட்டத்தை விரட்டிவிட்டு அதோட சேர்ந்து தப்பிக்கப் பார்க்குறான். அப்ப குறுக்க வந்து ஒரே குத்துல அவனை நிறுத்துற கைதிதான் ரிகீஷி. சிபா அவனை வரையறப்போ ஜோவைவிட நல்லா உயரமா, பெரிய உடம்போட வரைஞ்சுட்டார். இவன்தான் கதை முழுக்க ஜோவுக்குப் போட்டியா வரப்போறவன்னு அப்ப அவருக்குத் தெரியாது. பிரச்சனை பின்னாடிதான் வந்தது. பாக்ஸிங்ல ஒரே எடைப் பிரிவுல இருக்குறவங்கதானே மோத முடியும்? ஜோ பாண்டம்வெயிட். உச்ச வரம்பு 53.5 கிலோ. ரிகீஷியோ ஆறடிக்குக் கிட்ட நிக்கிறான். என்ன பண்றது? வரைஞ்ச படத்தைத் திரும்ப வாங்க முடியாது, பத்திரிகை ஊர் முழுக்கப் போயாச்சு.

அதனால ரிகீஷி எடையைக் குறைக்கிறான். சிறையில பாதியில நின்ன கணக்கைத் தீர்க்கணும்னு, ஜோ இருக்குற பிரிவுக்கு அவனாவே இறங்கி வர்றான். மத்தவங்க எல்லாம் வேணாம்னு சொல்றாங்க. அவனை ஆதரிக்கிற பணக்கார வீட்டுப் பொண்ணு ஷிராகி யோகோவும் சொல்றா. கேட்கலை. சாப்பாட்டைக் குறைக்கிறான், நிறுத்துறான், கடைசியில தண்ணியும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் கன்னம் ஒட்டுது, கண்ணு உள்ள போகுது. ஒரு ராத்திரி தாகம் தாங்காம வெளிய வந்து ஒவ்வொரு குழாயாத் திறக்க ஓடுறான். எல்லாக் குழாயையும் கம்பி சுத்தி இறுக்கிக் கட்டியிருக்கு. யோகோ ஒரு கோப்பையில வெந்நீர் கொண்டு வந்து, போதும், இதைக் குடின்னு நீட்டுறா. அவன் வாங்கிக்கிறான். அந்த மனசுக்கு நன்றி சொல்றான். அப்புறம் அப்படியே தரையில கொட்டிடறான்.

என் ரூம்மேட் வந்தப்ப நான் இருந்தது இந்தப் பக்கத்துலங்க. அவன் கையில ஒரு சொம்புத் தண்ணி. நேரம் பார்த்து வந்தான் பாருங்க.

மேட்ச் நடக்குது. ரிகீஷி ஜெயிக்கிறான். கீழ விழுந்து எழுந்த ஜோ கையை நீட்டுறான். ரிகீஷியும் கையை நீட்டிக்கிட்டு வர்றான். கை சேர்றதுக்கு முன்னாடி சரிஞ்சு விழறான். முடிஞ்சுது. பட்டினியில வத்திப்போன உடம்பு, ஜோ நெத்திப்பொட்டுல விட்ட ஒரு குத்து, விழறப்ப கயித்துல இடிச்ச பின்மண்டை, எல்லாம் சேர்ந்து கொன்னுடுச்சு. 1970-ஓட தொடக்க மாசங்கள்ல அந்த வார இதழ் கடைக்கு வந்தது.

ஒரு ஓவியர் கொஞ்சம் பெருசா வரைஞ்சதுல ஆரம்பிச்ச விஷயம், எழுநூறு பேர் கூடின மண்டபத்துல வந்து நின்னுச்சு.

*

இப்ப ரூம்மேட் கேள்விக்கு வர்றேன். ஏன்?

பசிங்குறது என்னோட முதல் பதில். 1970-ல் ஜப்பான் பணக்கார நாடாகிட்டிருந்தது. அந்த மார்ச்லதான் ஒசாகாவில உலகப் பொருட்காட்சி திறந்தாங்க. ஆனா அங்க இருபது, முப்பது வயசுல இருந்த யாருக்கும் பசி பாடப் புத்தக விஷயம் இல்லை. போரில தோத்த பிறகு வந்த பட்டினியில பிறந்தவங்க, வளர்ந்தவங்க. சிபாவோட கதையே அதுதான். 1939-ல் பிறந்தவர். அப்பா வேலை பார்த்தது மஞ்சூரியாவில, ஒரு அச்சகத்துல. 1945-ல் ஜப்பான் தோத்ததும் அங்க இருந்த ஜப்பான்காரங்க உயிர் தப்பினாப் போதும்னு ஓடுறாங்க. அப்பாவோட சீன நண்பர் ஒருத்தர் இவங்க குடும்பத்தைத் தன் வீட்டுப் பரண்ல ஒளிச்சு வச்சுக் காப்பாத்துறார். வெளிய போக முடியாது, சத்தம் போட முடியாது. தம்பிங்க அழாம இருக்க ஆறு வயசு தெட்சுயா பேப்பர்ல படம் வரைஞ்சு கதை சொன்னான். 1946-ல்தான் ஊர் திரும்புனாங்க. ஒட்டின கன்னத்தை எப்படி வரையணும்னு அவருக்கு யாரும் கத்துக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

ஆனா ரிகீஷியோட பசி அந்தப் பசி இல்லை. கதையே இதைப் பின்னாடி ஒரு இடத்துல சொல்லுது. கிம்னு ஒரு கொரிய வீரன் வருவான். கொரியப் போர்ல குழந்தையா இருந்து நிஜப் பட்டினியைப் பார்த்தவன். நீயெல்லாம் என்னத்தடா பசியைக் கண்டன்னு கேட்கிற ஆளு. ஜோ ஒடுங்கிப் போயிடறான். மேட்ச் நடுவுலதான் அவனுக்கு உறைக்குது: கிம்முக்குச் சாப்பாடு கிடைக்கலை. ரிகீஷிக்குக் கிடைச்சது, அவன் வேணாம்னான். யாருக்காக? எதிர்ல நிக்கிற எனக்காக.

சாதாரணமா எல்லாரும் நம்மகிட்டேர்ந்து எதையாவது எடுத்துக்குவாங்க. நேரம், உழைப்பு, பேரு. சான்யாக்காரங்ககிட்ட ஊரு பேரைக்கூட எடுத்துக்கிட்டாங்க. ரிகீஷிகிட்டேர்ந்து யாரும் எதையும் எடுக்கலை. எதை விடணும், எதுக்காக விடணும்னு அவனே முடிவு பண்ணினான். பட்டறையில நின்ன பையனுக்கும் சரி, யாசுதா மண்டபத்துலேர்ந்து நனைஞ்சு வெளிய வந்த மாணவனுக்கும் சரி, அவங்க வாழ்க்கையில கிடைக்காத ஒண்ணு அது. அழுதது அதுக்காகவும்தான்னு நினைக்கிறேன்.

*

இத்தோட முடிச்சா நல்ல பதிவு. ஆனா வரலாறு இன்னும் ஏழு நாள் இருக்கு.

அஞ்சலி நடந்து சரியா ஒரு வாரம். 1970 மார்ச் 31. டோக்கியோவிலேர்ந்து ஃபுகுவோகா போற 'யோதோ' என்ற ஜப்பான் ஏர்லைன்ஸ் போயிங் 727 விமானத்தைச் செம்படைப் பிரிவுன்னு ஒரு தீவிர இடதுசாரி அமைப்போட ஒன்பது பேர் கடத்துறாங்க. உள்ள 122 பயணிகள், 7 ஊழியர்கள். வட கொரியாவுக்குப் போகணும்ங்கிறாங்க. ஃபுகுவோகாவில கொஞ்சப் பேரை இறக்கிவிட்டு, அப்புறம் சோல் விமான நிலையத்துல நாள்கணக்கில இழுபறி. கடைசியில போக்குவரத்துத் துறைத் துணை அமைச்சர் யாமாமுரா ஷின்ஜிரோ பிணையா ஏறிக்கிட்டு மிச்சப் பயணிகளை மீட்டார். ஏப்ரல் 3-ந் தேதி விமானம் பியோங்யாங் பக்கம் போய் இறங்குச்சு. நல்லவேளை, யாரும் சாகலை.

தலைவன் தாமியா தகாமாரோ புறப்படுறதுக்கு முன்னாடி எழுதி வச்ச அறிக்கை எப்படி முடிஞ்சதுன்னு தெரியுமா? நாங்கள்தான் நாளைய ஜோ என்று!

இதை முதல்ல படிச்சப்போ எனக்கு எரிச்சலா வந்தது. எங்க ஜோ எப்படா பிணைக்கைதி பிடிச்சான்? அவன் முன்னாடி நிக்கிறவனோட ஒத்தைக்கு ஒத்தை நின்னவன்டான்னு கத்தணும்போல இருந்தது. அப்புறம் யோசிச்சா, 'எங்க ஜோ'ன்னு நான் சொல்றேனே, அதையேதானே அவங்களும் சொல்லியிருக்காங்க? மண்டபத்துல தலை குனிஞ்சு நின்ன பையனும், விமானத்துல கத்தியோட எழுந்து நின்னவனும் வாசிச்சது ஒரே இதழ்தான். விழுந்து விழுந்து எழுந்திருக்கிறவன், ஒரு 'நாளை'க்காக எல்லாத்தையும் விடுறவன். படத்துல இவ்வளவு இருக்கு. அந்த நாளை எதுன்னு மட்டும் கோடு போட்ட காலி இடம். வாசிக்கிற ஒவ்வொருத்தனும் அதை அவனவன் கையெழுத்துல நிரப்பிக்கிறான். நமக்குப் பாத்திரங்கள் மேல ஒட்டுதல் வர்றதும் அந்தக் காலி இடத்தாலதான். அதுல ஆபத்து வர்றதும் அதே இடத்தாலதான்.

தாமியா 1995-ல் பியோங்யாங்கிலேயே இறந்து போனார். அவர் எதிர்பார்த்த நாளை வரவே இல்லை.

*

அவங்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கான்னா, பெருசா இல்லை. ஏன்னா நானும் அந்தக் காலி இடத்துல ஒரு கிறுக்கல் கிறுக்கினவன்தான்.

'நாளைய ஜோ'வை வாசிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே அதோட கடைசிப் படம் எனக்குப் பழக்கம். உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க. 1973 மே மாசம் கதை முடியுது. உலக சாம்பியன் ஹோசே மெண்டோசாவோட பதினஞ்சு ரவுண்டு மோதி, புள்ளிக் கணக்குல ஜோ தோத்துப் போறான். மூலையில ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கான். தலை குனிஞ்சு, உதட்டுல சின்னச் சிரிப்பு. உடம்பு முழுக்க வெள்ளை. உயிர் இருக்கா இல்லையான்னு படம் சொல்லலை. அந்தப் படம்தான் என் ஆபீஸ் லேப்டாப்ல வால்பேப்பர். செம கெத்துன்னு நினைப்பு.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ரிலீஸ். தொடர்ந்து மூணு வாரம் வீட்டுக்குப் போனது குளிக்க மட்டும். மத்தியானச் சாப்பாடு சாயந்திரமாகும், சாயந்திரம் டீயாகும், டீயும் ஆறிப்போகும். ஒவ்வொரு தடவை லாக்-இன் பண்றப்பவும் வெள்ளை ஜோ சிரிப்பான். நானும் எரிஞ்சுக்கிட்டிருக்கேன்னு எனக்கு ஒரு பெருமை. பத்தொன்பதாவது நாள் லிஃப்ட் வாசல்ல சுருண்டு விழுந்தேன். கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி, கையில ட்ரிப்ஸ். ரிலீஸ் தேதியை ஏற்கெனவே ஒரு மாசம் தள்ளி வச்சுட்டாங்களாம். எங்களுக்குச் சொல்ல மறந்துட்டாங்களாம்.

ஊர்லேர்ந்து பஸ் ஏறி வந்த அம்மா திட்டவே இல்லை. ரசம் சாதத்தைப் பிசைஞ்சு ஊட்டிக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "யாருக்காகடா சாப்பிடாம கெடந்த?"

பதில் சொல்லத் தெரியலை. யோசிச்சுப் பார்த்தாலும் ஒரு முகம்கூட வரலை. ஒரு எக்ஸெல் ஷீட்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா வால்பேப்பரை மாத்தினேன். அதுக்கப்புறம்தான், நம்மளை இப்படிப் படுத்தின கதையில என்னதான் இருக்குன்னு முழுசா வாசிக்கத் தொடங்கினேன்.

வாசிச்சப்புறம் தெரிஞ்ச ஒரு விஷயம். அந்தக் கடைசிப் படம் கஜிவாரா எழுதின முடிவு இல்லை. அவர் எழுதினது வேற. மேட்ச்ல தோத்தாலும் சண்டையில நீ ஜெயிச்சேன்னு தான்பெய் சொல்ற மாதிரி, பிறகு யோகோ வீட்டுல ஜோ அமைதியா இருக்குற மாதிரி. அஞ்சு வருஷம் அவனை வரைஞ்ச சிபாவுக்கு அது ஒட்டலை. என்ன பண்றதுன்னு முழிச்சப்ப, ஒரு எடிட்டர் பழைய அத்தியாயங்களைப் புரட்டி ஒரு இடத்தைக் காட்டினார். நோரிகோன்னு ஒரு மளிகைக் கடைப் பொண்ணு ஜோகிட்ட, மத்த பசங்க எல்லாம் சந்தோஷமா ஊர் சுத்துறாங்களே, நீ ஏன் ரத்தம் சிந்திக்கிட்டு இருக்கன்னு கேட்கிற இடம். அரைகுறையாப் புகைஞ்சுக்கிட்டு இருக்குறது எனக்கு வேணாம், ஒரு கணம்னாலும் முழுசா எரிஞ்சு வெள்ளைச் சாம்பலா மிஞ்சணும்ங்குற அர்த்தத்துல ஜோ பதில் சொல்வான். கடைசிப் படம் பிறந்தது அங்கேர்ந்துதான்.

அதாவது, கதையை முடிச்சு வச்சது பின்னாடி போய்ப் பொறுமையா வாசிச்ச ஒரு வாசகக் கண்ணு. நான் பண்ணாதது அதுதான். சாம்பலை மட்டும் எடுத்து ஒட்டி வச்சுக்கிட்டேன். அதுக்கு முன்னாடி நோரிகோ கேட்ட கேள்வியை வாசிக்கலை. அவ கேட்டதும் எங்கம்மா கேட்டதும் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க. ஜோவுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. சரியோ தப்போ, அது அவனோட பதில்.

*

கஜிவாரா 1987-ல் காலமானார். அதுக்கு முன்னாடியே, 1983-ல், தெராயாமாவும் போயிட்டார். சிபாவுக்கு 2024-ல் ஜப்பான் அரசு கலாசார விருது கொடுத்துச்சு. அந்த விருதை வாங்கின முதல் மாங்கா ஓவியர் அவர்தான். பரண்ல தம்பிங்களுக்காக வரைஞ்ச பையன்!

நமிதாபாஷி சிக்னல்லேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்குற கடைத் தெருவில ஜோவுக்கு 2012-ல் ஒரு சிலை வச்சிருக்காங்க. நான் போனப்போ பக்கத்துல ஒரு வயசான தாத்தா சைக்கிளை நிறுத்திட்டு உட்கார்ந்திருந்தார். ஒலிம்பிக்ஸ் ரோடு போட்டவரோ, வாரப் பத்திரிகை வாங்கினவரோ, தெரியாது. என் ஜப்பானிய மொழி "ரயில்வே ஸ்டேஷன் எங்கே இருக்கு"வைத் தாண்டாது. சிலையைக் கை காட்டி "ஜோ"ன்னேன். அவர் முகமெல்லாம் சிரிப்பா இடது கையை மடக்கிக் காத்துல ஒரு குத்து விட்டுக் காட்டினார். நானும் விட்டேன். நாளைக்காக, பாடம் ஒண்ணு.

ரூம்மேட் கேள்விக்குக் காலையில இட்லி சாப்பிடறப்ப பதில் சொன்னேன். "மாப்ள, அவன் பேப்பர்ல செத்தான், சரி. அவனுக்காக ஒருத்தி நீட்டின தண்ணியை அவன் ஏன் கொட்டினான்னு உனக்குத் தெரியணுமா வேணாமா?" ரெண்டு நிமிஷம் பேசாம சட்னியைத் தொட்டுக்கிட்டு இருந்தான். அப்புறம் கேட்டான்:

"ஏன்டா கொட்டினான்?"

புத்தகம் இப்ப அவன்கிட்ட இருக்கு. நேத்து ராத்திரி ஒண்ணரை மணிக்கு ஹால்ல லைட் எரிஞ்சது. நான் எழுந்து போய்ப் பார்க்கலை. மனுஷனுக்கு ஜலதோஷம் பிடிக்கிறது சகஜம்தானே.